தஞ்சாவூர்ப் படம் பெரிய ஹாலில், பட்டுப் புடவை சின்ன அறையில்: இப்படிப் பிரிக்கலாமா?

கேட்டவர் குடியாத்தத்துக்காரர். அவருடைய பழைய மாணவர் சங்கம், பள்ளியின் பெரிய ஹாலிலும் அதை ஒட்டிய வகுப்பறையிலும் பத்து நாள் கண்காட்சி வைக்கப் போகிறது. ஊர் வீடுகளில் இரவல் வாங்கி வைக்கப் போகும் பொருட்கள் தஞ்சாவூர்ப் படங்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள், ஆரணிப் பட்டு, கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள், மெருகிட்ட கரிகிரி மண் ஜாடிகள், ஒரு கூத்துக் குடும்பத்தின் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும். "ஓவியம் நுண்கலை, அதைப் பெரிய ஹாலில் வைக்கிறோம். புடவை, பாத்திரமெல்லாம் அலங்காரக் கலை, அவற்றுக்குச் சின்ன அறை போதும். மியூசியங்களில் இப்படித்தானே பிரிக்கிறார்கள்? மே மாத லீவில் வைத்தால் கூட்டம் வருமா?" இதுதான் கேள்வி.

எழுத்தில் கேட்டது அறை பிரிக்கும் விஷயம். அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. கண்ணாடிப் பெட்டி, ஏசி, காவலாள் எதுவும் இல்லாத நாங்கள் அடுத்தவர் வீட்டுப் பொருளை வாங்கி வைக்கலாமா என்ற தயக்கம் அது. தாராளமாக வைக்கலாம். ஆனால் இப்போது யோசித்திருக்கும் பிரிவினையை மாற்றிக்கொள்ளுங்கள். மே மாதத்தையும் விட்டுவிடுங்கள்.

நான் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். பொருள் எதனால் கெடுகிறது, எப்படி வைத்தால் கெடாது என்பதுதான் என் தொழில். ஒரு படத்தின் காலத்தைக் கணிப்பதும் விலை மதிப்பதும் வேறு ஆட்களின் வேலை. அதனால் இந்தப் பதிலில் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் அந்தப் பிரிவினை எங்கே இருந்து வந்தது என்று பார்ப்போம். 1851-ல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் சவுத் கென்சிங்டன் மியூசியம், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். துணி, பாத்திரம், மரவேலை, மண்பாண்டம் எல்லாம் அங்கே போயின. ஐரோப்பிய ஓவியங்களுக்கு நேஷனல் கேலரி தனியாக இருந்தது. நம் ஊர்ப் பொருட்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனவர்கள் அவற்றைக் கைத்தொழில் என்ற தலைப்பில்தான் வாங்கினார்கள். இதன் உச்சம் 1910 ஜனவரி. இந்தியக் கைவினைப் பொருட்களை வாய் ஓயாமல் புகழ்ந்த ஜார்ஜ் பேர்ட்வுட், லண்டனில் ஒரு கூட்டத்தில், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று கிடையாது என்றார். ஜாவாவில் இருந்து வந்த ஒரு புத்தர் சிலையின் படத்தைக் காட்டி, ஆங்கிலேயர் கொழுப்புச் சேர்த்து வேகவைத்துத் தின்னும் ஒரு மாவுப் பண்டத்தோடு அதை ஒப்பிட்டார். அந்தக் கூட்டத்தில் அன்று பேச வந்திருந்தவர் ஹேவல், முன்பு சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். பெரிய சண்டையானது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் கையெழுத்துப் போட்டு டைம்ஸ் பத்திரிகைக்குக் கண்டனம் எழுதினார்கள்.

ஆக, குடம் அழகு, சிலை கலை இல்லை என்று சொன்னவர்களும் இந்தப் பிரிவினையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். இன்று சிலை மேலே ஏறிவிட்டது, குடம் கீழேயே இருக்கிறது. கோடு அதே கோடுதான். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டு வேலை. அந்த யாளித் தூண்களை நாம் கோயிலின் பாகமாகப் பார்க்கிறோம். அதே மரபில் வந்த மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபத்தின் தூண்களை 1912-ல் ஓர் அமெரிக்கப் பெண்மணி வாங்கினார். அவை இப்போது பிலடெல்பியா கலை மியூசியத்தில் ஓர் அறையாக நிற்கின்றன, அங்கே அவை சிற்பக் கலை. பொருள் மாறவில்லை, சுற்றியிருக்கும் கட்டடம்தான் மாறியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வது பிரிவினையே கூடாது என்பதற்காக இல்லை. இரண்டு அறை இருக்கிறது, எப்படியும் பிரித்துத்தான் ஆகவேண்டும். என் யோசனை, வெளிச்சத்தைத் தாங்குமா தாங்காதா என்று பிரியுங்கள். மியூசியங்கள் கதவில் எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் விளக்குப் போடும் ஆள் பார்ப்பது இதைத்தான். அப்படிப் பிரித்தால் வேடிக்கையாக இருக்கும். ரவிவர்மா அச்சுப் படமும் ஆரணிப் புடவையும் ஒரே அறைக்கு வந்துவிடும். கல்யாணக் குத்துவிளக்கும் கற்சிலையும் இன்னோர் அறையில் சேர்ந்து நிற்கும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெரும்பாலான ஊர்க் கண்காட்சிகளில் பொருள் கெடுவது இதனால்தான். சாயம் போட்ட துணி, அச்சுத் தாள், நீர்வண்ணம், பழைய போட்டோ, கையெழுத்துக் கடிதம் இவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. எண்ணெய் ஓவியம், தஞ்சாவூர்ப் படம், வண்ணம் பூசிய மரம் ஆகியவை 150 முதல் 200 வரை தாங்கும். பித்தளை, வெண்கலம், கல், மெருகிட்ட மண்பாண்டம் ஆகியவற்றுக்கு வெளிச்சத்தால் கேடு இல்லை, விளக்கின் சூடு மட்டும் நேராகப் படக்கூடாது. லக்ஸ் அளக்கத் தனிக் கருவி இல்லையென்றால் போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 50-க்கும் 500-க்கும் வித்தியாசம் காட்டிவிடும்.

வெளிச்சத்தால் வரும் கேடு கூட்டிக்கொண்டே போகும், திரும்பாது. எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் என்று பெருக்கித்தான் கணக்குப் பார்ப்பார்கள். எளிதில் வெளிறும் சாயத்துக்கு ஒரு வருடத்துக்கு 15,000 லக்ஸ்-மணி என்பது உச்ச வரம்பு. உங்கள் கண்காட்சி பத்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 80 மணி. 50 லக்ஸில் வைத்தால் 4,000 தான், கவலையே இல்லை. நன்றாக விளக்குப் போட்ட வகுப்பறை 500 லக்ஸ் வரும். அதில் வைத்தால் 40,000, அதாவது இரண்டரை வருடத்துக்கு மேலான பங்கைப் பத்தே நாளில் செலவழித்துவிடுவீர்கள். ஜன்னல் வழியாக நேர் வெயில் அடித்தால் கணக்கே வேறு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும், ஒரு மணி நேரத்தில் ஆறு வருடக் கணக்கு தீர்ந்துவிடும். அதனால் சின்ன வகுப்பறையின் ஜன்னல்களைப் பழுப்புக் காகிதமோ கனமான கறுப்புத் துணியோ போட்டு முழுக்க மறைத்து, சின்ன எல்இடி பல்புகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். வெயிலோடு ஒப்பிட்டால் எல்இடியில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு.

இருட்டாக இருக்கிறதே என்று வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். கண் பழகச் சில நிமிடம் வேண்டும். வெளி வராந்தாவில் இருந்து நேராக அந்த அறைக்குள் நுழைய விடாமல், ஹாலின் உள்பக்கம் வழியாகக் கூட்டிப்போங்கள். ஹாலிலும் வாசலில் இருந்து உள்ளே போகப் போக வெளிச்சம் குறைகிற மாதிரி வைத்தால் முணுமுணுப்பு பாதியாகும். வாசல் பக்கம் பாத்திரமும் ஜாடியும், உள் மூலையில் தஞ்சாவூர்ப் படங்கள், அங்கிருந்து புடவை அறைக்குள் நுழைவது என்று நினைத்துப் பாருங்கள்.

சாயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பழைய சாயம் என்றால் கெட்டி, போகவே போகாது என்பார்கள். மஞ்சள் கிழங்கில் இருந்து எடுத்த மஞ்சள் நிறத்தைப் போல வெயிலுக்குப் பயந்த சாயம் வேறில்லை. 1856-க்குப் பிறகு சந்தைக்கு வந்த ஆரம்பகாலச் செயற்கைச் சாயங்கள் பலவும் அப்படித்தான். அவுரி நீலமும் சாயவேரில் எடுத்த சிவப்பும் ஓரளவு தாங்கும். எந்தப் புடவையில் என்ன சாயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே எல்லாவற்றையும் பலவீனமானது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. யாராவது பழைய காளஹஸ்தி கலம்காரி கொண்டுவந்தால் கூடுதல் கவனம் தேவை. அதில் கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் நூலே இற்றுப்போய், மடித்தால் உதிரும்.

புடவையைக் கொடியில் தொங்கவிடுவதும் கிளிப் போடுவதும் கூடவே கூடாது. ஜரிகைக் கரை கனம், பட்டு நூல் வயதாகி பலம் இழந்திருக்கும். கரையின் பாரமே புடவையின் உடலைக் கிழித்துவிடும். சாய்வான பலகை ஒன்று செய்து, அதன் மேல் மெல்லிய பஞ்சு மெத்தையும், கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியும் விரித்து, புடவையின் ஒரு பகுதியை மட்டும் படிய வையுங்கள். மீதியைத் துணிக்கடையில் துணி சுற்றி வரும் தடித்த அட்டைக் குழலில், அதற்கும் காடா சுற்றிவிட்டு, தளர்வாகச் சுற்றிப் பலகையின் பின்னால் வைத்துவிடலாம். பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்கவேண்டாம், ஜரிகை ஒடிவது அந்த இடத்தில்தான். அந்துருண்டை துணி மேல் நேராகப் படக்கூடாது. குண்டூசி, செல்லோடேப், ரப்பர் பேண்டு மூன்றையும் ஹாலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு இரண்டே எச்சரிக்கை. ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பொன் தாளுக்கு அடியில் இருக்கும் மேட்டு வேலை சுண்ணப் பொடியும் பசையும் கலந்தது, ஈரம் பட்டால் ஊறிப் பெயரும். உருளைக்கிழங்கு வெட்டித் தேய்த்தால் பளபளக்கும் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். அடுத்தது, கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள், வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். பூஜை அறையில் இருந்து வந்த படத்தில் குங்குமம் ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் படத்தின் வாழ்க்கைதான். திறப்பு விழா நாளில் படங்களுக்குப் பூமாலை போடுவார்கள், ஊதுவத்தி கொளுத்துவார்கள். மாலையில் ஈரமும் பூச்சியும் வரும், ஊதுவத்தியில் கரி வரும். குத்துவிளக்கை வராந்தாவில் ஏற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். தலைமை விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாத்திரங்களைப் பற்றி ஒரு மன்றாட்டு. கண்காட்சிக்குக் கொடுக்கிறோமே என்று வீட்டுக்காரர்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுப்பார்கள். முன்கூட்டியே போய், தேய்க்காமல் தாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். சீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்குமே, சிலவற்றில் தேதியும் ஊரும் கூட இருக்கும், அதை விட நம்பகமான ஆவணம் உங்கள் கண்காட்சியில் வேறு எதுவும் இருக்கப்போவதில்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் மழுங்குகிறது. உலோகத்தைக் கையுறை போட்டுத் தூக்குங்கள், விரல் வியர்வையின் உப்பு கறையாகப் பதியும். கரிகிரி ஜாடிக்கு நேர் எதிர். துணிக் கையுறை மெருகின் மேல் வழுக்கும், கழுவித் துடைத்த வெறுங்கையே மேல். கைப்பிடியைப் பிடிக்காமல் அடியில் ஒரு கை, உடலில் ஒரு கை. ஊறுகாய் போட்ட பழைய ஜாடியாக இருந்து மெருகு செதில் செதிலாக எழும்பியிருந்தால், உள்ளே ஊறிய உப்பு வெளியே வருகிறது என்று பொருள். அதை அசைக்காமல் ஓரமாக வையுங்கள், கழுவவேண்டாம்.

கிரீடம், புஜக்கட்டை போன்ற கூத்துக் கட்டைகள் இந்த எல்லாப் பிரிவுகளுக்கும் வெளியே நிற்கும் பொருள், அதனால்தான் எனக்கு அவை மேல் தனிப் பிரியம். கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டிச் செய்வார்கள். செதுக்கியதால் சிற்பம், வண்ணத்தால் ஓவியம், உடம்பில் கட்டுவதால் நகை, இரவு முழுக்க ஆடுவதால் கருவி. புரிசை உட்பட வடக்கத்திக் கூத்தின் பெரிய ஊர்கள் பல பழைய வட ஆற்காட்டில் இருந்தன, எனவே உங்கள் கண்காட்சியில் நடுநாயகமாக இருக்கவேண்டியது இதுதான் என்பது என் கட்சி. மென்மரம், சீக்கிரம் பூச்சி அரிக்கும். ஒரு வாரம் முன்பே வாங்கி, வெள்ளைத் தாள் மேல் தனியாக வைத்துப் பாருங்கள். மாவு போலத் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம், மற்ற பொருட்களோடு சேர்க்காதீர்கள். ஒட்டிய காகிதம் இருப்பதால் இடம் புடவை அறைதான். எந்த உயரத்தில் வைக்கவேண்டும், தரையில் வைக்கலாமா, செருப்போடு பக்கத்தில் போகலாமா என்பதைக் கூத்துக் குடும்பத்திடமே கேளுங்கள். கிரீடத்துக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை நம் விதிகளை விடக் கண்டிப்பானது.

பொருளை எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் கண்காட்சி பேசும். தஞ்சாவூர்ப் படத்தில் அம்மன் கட்டியிருக்கும் புடவையின் கரையைப் பாருங்கள், பிறகு பக்கத்து அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அதே மாதிரிக் கரை போட்ட ஆரணிப் பட்டாக இருக்கட்டும். நீங்கள் எதுவும் விளக்கவேண்டாம். குடியாத்தம் நெசவாளர் ஒருவர் மாலை நேரத்தில் வந்து நின்றால், எந்தக் கரை எந்தத் தறியில் வரும் என்று அவர் சொல்வதைக் கேட்கக் கூட்டம் தானாகச் சேரும். அது எனக்குத் தெரிந்ததை விட அவருக்கு நூறு மடங்கு தெரிந்த விஷயம்.

அடுத்து, பொருளுக்குக் கீழே எழுதி வைக்கும் அட்டை. இங்கே உறுதியானதையும் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள். வேலூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு தந்தச் சதுரங்கப் பலகையும் காய்களும் இருக்கின்றன, கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கன் பயன்படுத்தியவை என்று காட்டப்படுகின்றன. 1815-ல் பிடிபட்ட மன்னர், பிறகு வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1832-ல் இறந்தார், இது பதிவான வரலாறு. ஒரு பலகையை ஒரு மனிதரோடு இணைப்பது வேறு வகைச் செய்தி, அது பொருள் கைமாறி வந்த வழியை நம்பி நிற்கிறது. அதுபோல, ஜலகண்டேஸ்வரர் மண்டபத்தைப் பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக நினைத்தார்கள், ஏற்ற வந்த கப்பல் மூழ்கியது என்ற கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நல்ல கதை, கதை என்றே எழுதலாம். உங்கள் அட்டையில் என்ன பொருள், எதனால் ஆனது, எந்த வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்று முதலில் எழுதுங்கள். "குடும்பத்தார் சொல்வது" என்று தொடங்கி மற்றதை எழுதலாம். 300 வருடம், 500 வருடம் என்று யாராவது சொன்னால், பாத்திரத்தில் வெட்டிய தேதி மாதிரி ஏதாவது சான்று இருந்தால் மட்டும் போடுங்கள். பழைய ரசீதில் வட ஆற்காடு என்று இருந்தால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை காளஹஸ்தியும் திருப்பதியும் கூட வட ஆற்காடுதான். இன்றைய எல்லையை வைத்து ஊரைத் தீர்மானித்துவிடாதீர்கள்.

சட்டம் பக்கம் சுருக்கமாக. தந்தப் பொருள் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல். 100 வருடத்துக்கு மேற்பட்ட உலோக, கற்சிலைகளும் ஓவியங்களும் தொல்பொருள் சட்டத்தின்படி பதிவு செய்யவேண்டிய வகையில் வரலாம். கொடுப்பவரிடம் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியாத சாமி சிலையை எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒவ்வொரு பொருளையும் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், விரிசல், கறை எல்லாம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது அதே தாளை வைத்து ஒப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் தரவேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய மியூசியங்கள் ஒன்றுக்கொன்று இரவல் கொடுக்கும்போதும் முதலில் நடப்பது இதுதான். இரவில் ஹாலில் இரண்டு பேர் படுக்க ஏற்பாடு செய்யுங்கள், காபி, டிபன் எதுவும் உள்ளே வேண்டாம், சிந்திய துளிக்கு எறும்பும் கரப்பானும் வரும்.

மே மாதம் ஏன் வேண்டாம் என்றால், நம் பக்கத்துக் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத ஹாலில் மரப் பலகை காய்ந்து சுருங்கும், படத்தில் விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை வரும். தை, மாசிதான் நமக்குத் தோது. பொங்கலுக்கு வெளியூரில் இருந்து வருகிறவர்களும் ஊரில் இருப்பார்கள், கூட்டத்துக்கும் குறைவிருக்காது. ஹாலின் ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன, மேற்கூரை ஓடா, தகரமா, கான்கிரீட்டா என்று எழுதினால், எந்தச் சுவரில் எதை வைக்கலாம் என்பதையும் சொல்கிறேன்.